காற்றுக்காரர் மூச்சு விட்ட கதை

மற்ற கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிட்டால் கடை காற்று வாங்குகிறது என்று அலுத்துக்கொள்வார்கள். இவர் விஷயம் நேர் எதிர். காற்று வாங்க ஆள் வந்தால்தான் இவருக்கு வியாபாரம். கார், ஸ்கூட்டர், சைக்கிள், சுமை வண்டி என்று எது வந்து நின்றாலும் முதலில் சக்கரத்தைப் பார்ப்பார். ஓட்டி வந்தவர் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார். முப்பத்தொரு வருஷமாகப் பஞ்சர் ஒட்டிக் காற்றடித்ததில் காற்றுக்காரர் என்ற பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று, அப்பா பேர் என்ன என்று கேட்ட ஆசிரியையிடம் அவர் மகள் கொஞ்சமும் யோசிக்காமல் "காத்து" என்றாளாம்.

அவருக்கு இந்த உலகத்தில் பிடிக்காத சத்தம் ஒன்று உண்டு. 'ஸ்ஸ்' என்று காற்று இறங்குகிற சத்தம். நாலு லாரி உறுமிக்கொண்டு போகிற தெருவில், மூலையில் நிற்கிற ஒரு சைக்கிளின் வால்வு கசிவதை அவர் காது பிடித்துவிடும். எழுந்து போய், அது யார் சைக்கிள் என்றுகூடக் கேட்காமல், வால்வை இறுக்கிவிட்டு வருவார். வீட்டில் குக்கர் ஆவி விட்டால்கூட முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். காற்று என்றால் உள்ளே போக வேண்டும், போனால் அங்கேயே இருக்க வேண்டும். இது அவர் கட்சி.

இப்படிப்பட்ட மனிதர் தம்முடைய ஐம்பத்தைந்தாவது வயதில், இருக்கிற காற்றையெல்லாம் வெளியே தள்ளக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் போய்ச் சேர்ந்தார் என்றால், அதற்குக் காரணம் அவர் மனைவி.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை நின்றுகொண்டே சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். எந்த டாக்டரின் கையெழுத்தும் அவளிடம் தப்பாது. காற்றுக்காரர் ஏழே காலுக்குக் கடையைத் திறந்தால் இரவு எட்டரைக்குத்தான் ஷட்டரை இறக்குவார். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு, வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு நாளில் நடக்கிற பேச்சை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். சாப்பிட்டாச்சா, கேஸை மூடியாச்சா, சாவி எங்கே. சண்டையும் கிடையாது, சச்சரவும் கிடையாது. சண்டை போடவாவது எதிரெதிரே உட்கார நேரம் வேண்டுமே.

ஆறு மாசத்துக்கு முன்னால் மனைவி காலை வகுப்பில் சேர்ந்தாள். மரச்சாமான் கடைக்கு மேலே உள்ள ஹாலில், ஐந்தே முக்காலிலிருந்து ஆறே முக்கால் வரை யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும். சேர்ந்த இரண்டாவது வாரத்திலிருந்து அவளிடம் ஒரு மாற்றம். ஏழு மணிக்கு வாசற்படி ஏறும்போதே சிரித்துக்கொண்டு வருவாள். செருப்பைக் கழற்றும்போதும் சிரிப்பு, காபி கலக்கும்போதும் சிரிப்பு. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் காற்றுக்காரர் என்ன விஷயம் என்று கேட்பார். அவள் சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறுபடி சிரித்து, கையை ஆட்டிவிடுவாள்.

"உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க. அங்க இருந்தாத்தான் தெரியும்."

ஒரு நாள், இரண்டு நாள் பரவாயில்லை. ஆறு மாசம் தினமும் ஒருவர் வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே வந்து, காரணம் உங்களுக்குப் புரியாது என்றால் எப்படி இருக்கும்? காற்றுக்காரருக்குப் பொறாமை வந்துவிட்டது. ஆள்மேல் வந்த பொறாமை என்றால் சமாளித்துவிடலாம். அவருக்கு வந்தது ஒரு மணி நேரத்தின்மேல் வந்த பொறாமை. அந்த ஒரு மணி நேரமும், போக வர நடக்கிற பதினைந்து பதினைந்து நிமிஷமும் தமக்கு வேண்டும் என்று தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய பெண்டாட்டியிடம், உன்கூட நடக்க ஆசையாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஆகவே, குனிந்து குனிந்து டயர் கழற்றி இடுப்பு வலிக்கிறது, நானும் வரட்டுமா என்று கேட்டார். அவள் ஒரு நிமிஷம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். அன்று மாலையே மருந்துக்கடையிலிருந்து இடுப்புக்கு ஒரு களிம்பும் வாங்கி வந்துவிட்டாள். அந்த வாரமும் ஒரு டியூப், அடுத்த வாரமும் ஒரு டியூப்.

டீச்சருக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். எலும்பு முறிந்தவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் வேலையைப் பகலில் பார்ப்பவள். அதனால் எதையும் அளந்துதான் பேசுவாள், அளந்துதான் செய்யவும் விடுவாள். முதல் நாள் காற்றுக்காரரை உட்கார வைத்து ஒரு தாளை நிரப்பினாள். ரத்தக் கொதிப்பு உண்டா, இதயத்தில் கோளாறு உண்டா, குடலிறக்கம், வயிற்றில் ஆபரேஷன், கண் அழுத்தம் ஏதாவது? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, வாய்க்கொழுப்பு மட்டும் கொஞ்சம் உண்டு என்று பக்கத்திலிருந்து மனைவி சொன்னாள். டீச்சர் அதைத் தாளில் எழுதவில்லை.

ஹாலில் ஐந்து வரிசை. புதியவர்களுக்குக் கடைசி வரிசை, நன்றாகச் செய்பவர்களுக்கு முன்வரிசைகள். மனைவி இரண்டாவது வரிசையில், ஜன்னல் ஓரம். காற்றுக்காரருக்குக் கிடைத்தது கடைசி வரிசை, தூண் ஓரம். பக்கத்துப் பாயில் ஒரு வங்கிக் காவலாளி. ராத்திரி டியூட்டி முடிந்து நேராக வருகிறவர். படுத்து ஓய்வெடுங்கள் என்று டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் குறட்டை கிளம்பிவிடும். தூணுக்கு அந்தப் பக்கம் மனைவியின் வலது தோள் மட்டும் தெரிந்தது. கூடவே வந்தும் இந்தத் தூரமா என்று காற்றுக்காரருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஆசனங்கள் முடிந்தன. இப்போது கபாலபாதி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றாள் டீச்சர். காற்றுக்காரரும் மூடிக்கொண்டார். அடுத்த நொடி ஹால் முழுக்க முப்பது மூக்குகளிலிருந்து 'புஸ் புஸ் புஸ்' என்று சத்தம். அவர் பதறிக் கண்ணைத் திறந்தார். முப்பத்தொரு வருஷப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? ஒரே நேரத்தில் முப்பது பஞ்சர். எதை முதலில் பிடிப்பது என்று அவர் கை பாயிலிருந்து பாதி எழும்பியே விட்டது.

டீச்சர் வந்து எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், தோள் ஆடக்கூடாது, முகம் சாதாரணமாக இருக்க வேண்டும். அடிவயிற்றைச் சட்டென்று உள்ளே இழுத்தால் மூக்கு வழியாகக் காற்று வெளியே போகும். அப்புறம் வயிற்றைத் தளர விட்டால் போதும். உள்ளே வருவதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். வெறும் வயிற்றில், நொடிக்கு ஒன்று, இருபது தடவை. தலை சுற்றினால் உடனே நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விட வேண்டும். இவ்வளவுதான் பாடம்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. காற்றுக்காரர் கண்ணை மூடினார். முதல் காரியமாக, மார்பு கொண்ட மட்டும் காற்றை உள்ளே நிரப்பினார். தோள் இரண்டும் காதைத் தொட்டன, கன்னம் உப்பியது, வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. அப்படி நிரப்பியதில் ஒரு துளியை மட்டும் மனமில்லாமல் மூக்கு வழியாக விட்டுவிட்டு, உடனே அதற்கு இரண்டு மடங்கு உள்ளே இழுத்தார். உள்ளே போக வேண்டிய வயிறு வெளியே போயிற்று, வெளியே போக வேண்டிய காற்று உள்ளே போயிற்று. பத்தாவது தடவையில் அவர் முகம் பழுத்த தக்காளி. பன்னிரண்டாவது தடவையில் தூண் இரண்டாகத் தெரிந்தது. டீச்சர் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"சார், நீங்க நிரப்பறீங்க. நிரப்ப வேண்டாம். தள்ளுங்க, போதும்."

நிரப்பாமல் எப்படித் தள்ளுவது? அவருக்கு விளங்கவில்லை. டீச்சர் மெல்லிய காகிதக் கைக்குட்டை ஒன்றைக் கிழித்து அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். சரியாகத் தள்ளினால் ஒவ்வொரு தடவையும் அது முன்னால் துள்ள வேண்டும். காற்றுக்காரரின் காகிதம் துள்ளவில்லை. அவர் இழுத்த இழுப்பில் மூக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அது யார் சிரிப்பு என்று அவருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

ஆனாலும் அந்த நடை இருக்கிறதே, அதற்காக எத்தனை காகிதம் மூக்கில் ஒட்டினாலும் தகும். விடியற்காலை ஐந்தரைக்குத் தெருவில் இரண்டு பேரும் மட்டும். பால் வண்டி ஒன்று போகும், ரொட்டிக் கடையில் ஷட்டரைப் பாதி தூக்கியிருப்பார்கள். முதல் இரண்டு நாள் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. மூன்றாவது நாள் மருந்துக்கடைக்கு வந்த ஒருவர் நாய்க்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையைத் தாமே விழுங்கிவிட்டு வந்து நின்ற கதையை அவள் சொன்னாள். நாலாவது நாள், ஆள் இல்லாத காருக்கு நாலு சக்கரமும் காற்றடித்து முடித்த பிறகுதான் அது பக்கத்து ஹோட்டலில் நிறுத்தியிருந்த யாருடைய காரோ என்று தெரிந்த கதையை இவர் சொன்னார். அப்புறம் பேச்சு நிற்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு விஷயம் தெரியுமா, இவள் இவ்வளவு நன்றாக மற்றவர்கள் மாதிரிப் பேசிக் காட்டுவாளா என்று காற்றுக்காரர் அசந்துபோனார். அவருக்கு அந்த நாட்களில் சந்தோஷம் தாங்கவில்லை. கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதுகூட முகம் மலர்ந்திருந்தது.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை டீச்சர் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். வேகமான மூச்சுப் பயிற்சியை இப்படித் தலைகீழாகச் செய்துகொண்டே போனால் நல்லதில்லை என்றாள். இரண்டு தடவை தலை சுற்றிவிட்டது, இனி அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம், அதற்குள் வரவில்லை என்றால் மாலை ஐந்து மணி வகுப்புக்கு மாறிவிடுங்கள். அங்கே மெதுவான மூச்சு மட்டும்தான், மூன்று மாசம் அதைச் செய்துவிட்டு மறுபடி இங்கே வரலாம். அவள் சொன்னதில் தப்பே இல்லை, அன்பாகத்தான் சொன்னாள்.

காற்றுக்காரருக்கு உயிரே போய்விட்டது. மாலை ஐந்து மணி என்பது பள்ளிக்கூடமும் ஆபீசும் விடுகிற நேரம். ஊரில் இருக்கிற ஆணியெல்லாம் டயரில் ஏறுவதும் அப்போதுதான். கடையை விட்டு அசைய முடியாது. அசைந்தாலும் என்ன பிரயோஜனம், மனைவி காலை வகுப்பில் இருப்பாள், இவர் மாலை வகுப்பில் இருப்பார். மறுபடி சாப்பிட்டாச்சா, கேஸை மூடியாச்சா, சாவி எங்கே. வெள்ளிக்கிழமைக்கு நாலே நாள்.

அன்று இரவு பீரோக் கண்ணாடி முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தார். வயிறு போன இடத்திலேயே நின்றுவிட்டது, மூச்சும் கூடவே நின்றது. சமையலறையிலிருந்து வந்த மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். வயிற்றை இழுத்து வைத்துக்கொள்ளாதீர்கள், இழுத்தால் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். எனக்குத் தெரியும் என்று இவர் சட்டையை இறக்கிவிட்டார். தெரிந்தால் ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. அது அவள் பெருந்தன்மை.

செவ்வாய் போயிற்று. புதன்கிழமை வகுப்பு முடிந்ததும், மனைவி படியிறங்கிச் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, காற்றுக்காரர் டீச்சரிடம் போய் நின்றார். தலையைச் சொறிந்தார். ஒன்று கேட்கலாமா என்றார்.

"எனக்கு வரலைன்னா வரலை டீச்சர். நான் மூச்சே விடாம கடைசி வரிசைல சும்மா உட்கார்ந்துட்டுப் போறேனே, அதுக்கு விடுவீங்களா?"

"மூச்சு விடாம எப்படி சார் உட்காருவீங்க?" என்றாள் டீச்சர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, எதற்காக அப்படி வர வேண்டும் என்று விசாரித்தாள். காற்றுக்காரர் படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"வீட்டுக்காரியோட நடந்து வர்றேன் பாருங்க. அந்த அரை மணி நேரம் போயிடும். இதை அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க."

டீச்சர், வெள்ளிக்கிழமை பார்க்கலாம் சார் என்று மட்டும் சொன்னாள். அவள் சரி என்று சொல்லாததைக் காற்றுக்காரர் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடையில் கம்ப்ரசர் மோட்டார் கருகிய வாசனையோடு நின்றுபோயிற்று. மெக்கானிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, பசிக்கிறதே, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கலாமா என்று யோசிக்கும்போது ஒரு நர்ஸ் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்சக்கரம் தரையோடு தரையாக இருந்தது. மூலையில் கிடந்த பழைய கால் பம்பை இழுத்துப் போட்டு, தூசி தட்டி, குழாயை வால்வில் மாட்டினார். மிதித்தார்.

மிதித்தால் காற்று டயருக்குள் போகும். காலை எடுத்தால் ஸ்பிரிங் தானாக எழும்பும். மிதி, விடு. மிதி, விடு. ஏழாவது மிதியிலோ எட்டாவது மிதியிலோ காற்றுக்காரர் கால் அந்தரத்தில் நின்றுவிட்டது.

எழும்பும்போது பம்புக்குள் யார் காற்றை நிரப்புகிறார்கள்? யாரும் இல்லை. அவர் மிதிக்கிறார், அவ்வளவுதான். காலை எடுத்தால் அதுவே எழும்புகிறது, காற்று அதுவே வருகிறது. இத்தனை வருஷத்தில் லட்சம் தடவை மிதித்திருப்பார், ஒரு தடவையாவது பம்புக்குள் காற்றடித்திருக்கிறாரா? மூன்று வாரமாக அவர் தம்மை டயர் என்று நினைத்துக்கொண்டு நிரப்பியிருக்கிறார். அவர் டயர் இல்லை. அவர் பம்பு.

ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டார். காலால் மிதிக்கும்போதே வயிற்றைச் சட்டென்று உள்ளே தள்ளினார். மூக்கில் 'புஸ்' என்றது. காலை எடுத்தார், வயிற்றையும் விட்டார். கேட்காமலே காற்று உள்ளே வந்து உட்கார்ந்தது. மறுபடி மிதித்தார். புஸ். விட்டார். வந்தது. அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. டயரை மறந்து, நர்ஸை மறந்து, மிதித்துக்கொண்டே இருந்தார்.

"போதுங்க, வெடிச்சிடும் போலிருக்கு" என்றாள் நர்ஸ். டயர் கல்லு மாதிரி ஆகியிருந்தது. அப்புறம் அவள் குரலைத் தாழ்த்தி, உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா, மார்பில் ஏதாவது வலி இருக்கிறதா என்று விசாரித்தாள். நன்றாக இருக்கிறேன், இத்தனை நாளில் இன்றைக்குத்தான் நன்றாக இருக்கிறேன் என்றார் காற்றுக்காரர். வால்வை அழுத்தி, அதிகப்படிக் காற்றை 'ஸ்ஸ்' என்று வெளியே விட்டார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சத்தம் அவர் காதுக்கு இனிமையாக இருந்தது.

வீட்டில் இதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காட்டிவிட வேண்டும் என்று திட்டம். அன்று மாலை மருந்துக்கடைக்கு டீச்சர் கணுக்கால் பட்டி வாங்க வந்ததும், கல்லாப் பக்கம் சாய்ந்துகொண்டு அவர் மனைவியிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போனதும் அவருக்குத் தெரியாது. மனைவியும் அதைச் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை இரண்டு பேரும் பேச்சு மூச்சு இல்லாமல் நடந்தார்கள். ஆனால் இரண்டு முகத்திலும் எதையோ ஒளித்துவைத்த குழந்தையின் களை இருந்தது. ரொட்டிக் கடைக்காரர்கூட இவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

வகுப்பில் எல்லோரையும் கண்ணை மூடி ஓய்வாக உட்காரச் சொல்லிவிட்டு, டீச்சர் கடைசி வரிசைக்கு வந்தாள். காற்றுக்காரர் எதிரில் உட்கார்ந்து காகிதத்தைப் பிடித்தாள். மூன்று சுற்று, சுற்றுக்கு இருபது, நடுவில் ஓய்வு. அவசரம் வேண்டாம். ஆரம்பிக்கலாம் என்றாள்.

காற்றுக்காரர் கண்ணை மூடினார். முதுகை நிமிர்த்தினார். கடையில் நின்றுகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டார். மிதித்தார். புஸ். விட்டார். மிதித்தார். புஸ். காகிதம் துள்ளியது, விழுந்தது, துள்ளியது. தோள் அசையவில்லை. கன்னம் உப்பவில்லை. இருபது முடிந்தபோது தலை சுற்றவில்லை, லேசாக, குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் அவர் இடது பக்கம் ஏதோ சரசரத்தது. காவலாளி புரண்டு படுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் திறக்காமல் முடித்தார்.

"எல்லாம் சரி சார்," என்றாள் டீச்சர். அவள் குரலில் ஆச்சரியம் இருந்தது. "ஆனா வலது கால் கட்டைவிரல் மட்டும் ஏன் அப்படி ஆடிட்டே இருக்கு?"

காற்றுக்காரர் கால் பம்பு சங்கதியைச் சொன்னார். நாம்தான் பம்பு, மிதிப்பது மட்டும்தான் நம் வேலை, எழும்புவது அதுவே எழும்பும் என்றார். டீச்சர் எழுந்து நின்று, எல்லோரையும் திரும்பச் சொல்லி, இந்தக் காற்றுக்காரர் சொல்வதைக் கேளுங்கள் என்று அவர் சொன்னதை வரி பிசகாமல் சொன்னாள். ஹால் முழுக்க முப்பது கட்டைவிரல்கள் ஆட ஆரம்பித்தன. ஒன்றரை வருஷமாகத் தோளை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு தையல்காரருக்கு அன்றைக்குத்தான் சரியாக வந்தது. காவலாளி தூங்காமல் இருபதும் முடித்தார்.

அடுத்த வாரம் பஸ்திரிகா ஆரம்பிக்கலாம், அதில் உள்ளே இழுப்பதும் வெளியே தள்ளுவதும் இரண்டுமே ஒரே பலத்தோடு இருக்க வேண்டும் என்றாள் டீச்சர். காற்றுக்காரர் யோசிக்கவே இல்லை.

"அப்ப அது கைப் பம்பு டீச்சர். தூக்கறதும் நாமதான், அமுக்கறதும் நாமதான்."

டீச்சர் சிரித்துவிட்டு, இனி நீங்கள் இரண்டாவது வரிசைக்குப் போகலாம் என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே இவ்வளவு பாடும். காற்றுக்காரர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எட்டிப் பார்த்தார். இரண்டாவது வரிசையில் ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது. மனைவி இல்லை, பாயும் இல்லை. அவருக்குத் திக்கென்றது. உடம்பு சரியில்லாமல் போய்விட்டாளா, இவர் மானம் போவதைப் பார்க்க வேண்டாம் என்று கீழே இறங்கிவிட்டாளா என்று முன்வரிசைகளிலும் வாசல் பக்கமும் தேடினார்.

"எங்க தேடறீங்க? இங்க இருக்கேன்" என்று அவர் இடது முழங்கைக்குப் பக்கத்தில் குரல் கேட்டது. அவருக்கும் காவலாளிக்கும் நடுவில் இருந்த ஒரு முழம் இடத்தில் பாயை நுழைத்துப் போட்டு, அவள் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்கு இங்க வந்தே? நான் அங்க வரத்தானே..."

"மூச்சு விடாம சும்மா உட்கார்ந்துட்டுப் போறேன்னு கேட்டீங்களாமே. சும்மா உட்கார்றதுக்குக் கடைசி வரிசைதான் சௌகரியம். சேர்ந்தே உட்காரலாம்னு வந்துட்டேன்."

காற்றுக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சுவர்க் கடிகாரத்தை இதுவரை பார்த்தே இல்லாதவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். சுருட்டிய பாயோடு அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதை முதல் நாளே செஞ்சிருக்கலாமில்ல?" என்றார்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமில்ல? இடுப்பு வலின்னுதானே வந்தீங்க."

கடைசி வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நாலாவது வரிசையும் லேசாகத் திரும்பியிருந்தது. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் காற்றுக்காரர் சொல்லிவிட்டார்.

"இடுப்பு வலியெல்லாம் ஒண்ணும் இல்லை. உன்கூட நடந்து வரணும்னுதான் வந்தேன்."

அவள் கண் பளபளத்தது. கையை நீட்டி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், காலர் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் திடீரென்று ஏதோ நினைவு வந்தவளாய் நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்ப நான் வாரா வாரம் வாங்கிட்டு வந்த களிம்பு?"

பொய் சொல்ல அன்றைக்குக் காற்றுக்காரருக்கு மனம் வரவில்லை.

"டயரை ரிம்ல ஏத்தறதுக்குத் தடவினேன். ரொம்ப நல்லா வழுக்குது."

காவலாளி முதலில் சிரித்தார். அது நாலாவது வரிசைக்குப் போய், மூன்றாவது வரிசைக்குப் போய், டீச்சர் கடிகாரத்தை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மூச்சு வாங்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

படியிறங்கும்போதும் சிரித்தாள். ரொட்டிக் கடையைத் தாண்டும்போதும் சிரித்தாள். வீடு வரைக்கும் பதினைந்து நிமிஷமும் நின்று நின்று சிரித்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போது மறுபடி ஆரம்பித்தாள். என்ன விஷயம் என்று காற்றுக்காரர் கேட்க வேண்டியிருக்கவில்லை.